உப்புப் பாடத்தின் மறுபாதி

செவ்வாய், 20 ஜனவரி 2026
கிள்ளான், அம்மாவின் வார்டு

கமலநாதனுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து லாக்கரில், பிஸ்கட் டின்னுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். நீ போர்ட் கிள்ளானிலிருந்து மத்தியானம் வந்து பார்த்துவிட்டுப் போகிறாய் என்று வார்டு நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். பள்ளி முடிந்து, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து நான் வந்து சேர மாலை ஆகிவிடும். அதுவும் நல்லதுதான். இருவரும் ஒரே நேரத்தில் இங்கே நிற்க வேண்டாம்.

சித்தப்பா மகன் லோகன் போன் செய்யாவிட்டால் எனக்கு விஷயமே தெரிந்திருக்காது. "அக்கா, பெரியம்மா சாமி ரூம்ல விழுந்துட்டாங்க, கை கால் எல்லாம் இழுத்துக்கிச்சு லா" என்றான். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தேன். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "சாமான் வாங்க வந்தியா ஆன்டி?" என்று கேட்டார். பெற்ற மகளை அடையாளம் தெரியவில்லை.

எழுபத்திரண்டு வயது அம்மா தைப்பூசத்துக்காக நாற்பத்தெட்டு நாள் உப்பில்லா விரதம் இருக்கிறார். உன் வீட்டில், உன் கண் முன்னால். ஏன் விட்டாய்? இரத்தத்தில் உப்பு பாதாளத்துக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறார். உன் மனைவி ஷாமினி சமையலறையில் என்னதான் பார்த்துக்கொண்டிருந்தாள்?

அப்பா போனபோது நான் கூச்சிங்கில் இருந்தேன். விமானம் தாமதம், மூன்று மணி நேரம் பொறு என்று கெஞ்சினேன். நீ பொறுக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே நான் சாம்பலைப் பார்த்தேன். உன் குரலை இனிக் கேட்கமாட்டேன் என்று அன்று சொன்னேன், இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். பதில் வை.

புனிதா


புதன், 21 ஜனவரி

அக்கா,

நல்லா இருக்கிறது உன் நியாயம். என் நம்பரை பிளாக் செய்தாய். ஷாமினி நம்பரையும் பிளாக் செய்தாய். அம்மா விழுந்த அன்று இரண்டு போனிலும் உன்னைக் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் லோகனிடம் சொல்லி அனுப்பினால், எனக்குச் சொல்லவில்லை என்கிறாய். நான் என்ன, பத்துமலை உச்சியில் ஏறி நின்று கத்த வேண்டுமா?

நீ டீச்சர், கேள்வி கேட்டுப் பழக்கம். நானும் ஒன்று கேட்கிறேன். அம்மா கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய ரோஸ் கலர் தண்ணீர் பாட்டில் இருக்கும். அதில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டது யார்? போன வருடம் நீர்க்கடுப்பு வந்த பிறகு, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும் என்று சொன்னது யார்? ஷாமினி "போதும்மா, வயிறு உப்பிக்கும்" என்று சொன்னால், அம்மா "புனிதா பயோலஜி டீச்சர், அவளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்" என்பார். உப்பு இல்லாத சோறு ஒரு வேளை, பழம் ஒரு வேளை, மீதிக்கு உன் தண்ணீர். அதோடு தினம் பிரஷர் மாத்திரை. இதுதான் என் சமையலறையில் நடந்தது.

விரதத்தை நிறுத்தச் சொல்லாமல் இல்லை. சண்டை போட்டேன். ஏன் இருந்தார் தெரியுமா? "நீங்க ரெண்டு பேரும் ஒரே மேசையில ஒக்காந்து சாப்பிடணும். அத முருகன்கிட்ட கேட்டிருக்கேன். நடுவுல உப்பத் தொட்டா வேண்டுதல் கெட்டுப் போயிடும்" என்றார்.

அப்பா விஷயத்தைப் பற்றி எழுதமாட்டேன். பெரியவர்கள் பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்றார்கள், நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

இப்போது அம்மா ஆஸ்பத்திரிக் கஞ்சியை வாயில் வாங்க மாட்டேன் என்கிறார். உப்பு இருக்கிறதாம். மற்ற எல்லாம் மறந்துபோனது, விரதம் மட்டும் மறக்கவில்லை. என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டாக்டர் வேகமாக மலாயிலும் இங்கிலீஷிலும் ஏதோ சொன்னார், "தண்ணீர் மூளைக்குப் போயிடுச்சு" என்பது மட்டும் புரிந்தது. குடித்த தண்ணீர் வயிற்றுக்குத்தானே போகும்? மூளைக்கு எப்படிப் போகும்? நான் லோரி யார்டில் எந்த லோரி எந்தக் கன்டெய்னருக்கு என்று சொல்லி அனுப்புகிறவன். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

கமலநாதன்


வியாழன், 22 ஜனவரி

கமலநாதனுக்கு,

மூன்று லிட்டர் சொன்னது நான்தான். நீர்க்கடுப்புக்குச் சொன்னேன். உப்பில்லாமல் இருக்கும்போது சொல்லவில்லை. விரதம் என்று அம்மா என்னிடம் வாயே திறக்கவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? நீ என்னைக் குத்துவதற்கு அந்த பாட்டிலை எடுத்தாய், குத்திவிட்டாய். சந்தோஷமா?

சரி, பாடத்துக்கு வருகிறேன். படிவம் நான்கு மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்வதுதான்.

மாங்காயை நறுக்கி, உப்புப் போட்டுப் பிசிறி, ஜாடியில் மூடி வை. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாதே. மறுநாள் திறந்து பார்த்தால் துண்டுகள் தண்ணீரில் மிதக்கும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மாங்காய்க்கு உள்ளேயிருந்து. உடம்பு என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு அறைகளால் ஆனது. அவற்றைச் செல் என்கிறோம். ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிய தோல் ஒன்று சுற்றியிருக்கிறது. அந்தத் தோல் தண்ணீரைச் சுலபமாக உள்ளேயும் வெளியேயும் விடும், உப்பை அப்படி விடாது. எனவே உப்பு போன்றவை எந்தப் பக்கம் அதிகமோ, தண்ணீர் அந்தப் பக்கமாக நகரும். யாரும் தள்ள வேண்டாம். இதற்குப் பெயர் சவ்வூடு பரவல். நீ பள்ளியில் படித்திருப்பாய், பந்து விளையாடப் போயிருந்தால் படித்திருக்க மாட்டாய்.

இப்போது அம்மா. சாப்பாட்டில் உப்பில்லை. அந்த பிரஷர் மாத்திரை உப்பை மூத்திரத்தில் வெளியே தள்ளும். மேலே மூன்று லிட்டர் வெறும் தண்ணீர். இரத்தம் நீர்த்துப்போனது. வெளியே உப்பு குறைந்து, செல்லுக்குள் அதிகம் என்றால் தண்ணீர் எங்கே போகும்? செல்லுக்குள். காய்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிற மாதிரி அம்மாவின் செல் ஒவ்வொன்றும் வீங்கியது. கால் வீங்கினால் செருப்பைக் கழற்றி வைக்கலாம். மூளை வீங்கினால் மண்டை ஓட்டைக் கழற்ற முடியாது. அதனால்தான் இழுப்பு வந்தது, ஆள் தெரியவில்லை.

வழி என்ன என்று கேட்பாய். இரத்தத்தில் உப்பு ஏறினால் உள்ளே போன தண்ணீர் திரும்பி வெளியே வரும். ஊசி வழியாக அதைத்தான் செய்கிறார்கள்.

இதற்கு இன்னொரு பாதி இருக்கிறது. நேரம் முடிந்துவிட்டது, மிஸ்ஸி விரட்டுகிறார். வேண்டுமென்றால் கேள், எழுதுகிறேன்.

புனிதா


சனி, 24 ஜனவரி

அக்கா! அக்கா!

முதலில் சந்தோஷச் செய்தி. அம்மா பேசிவிட்டார். என்னைக் கமலா என்று கூப்பிட்டார். நீ இன்று மாலை வந்து பார்க்கப் போகிறாய், அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் லோரி ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன்.

இத்தனை வருடத்தில் நீ எனக்குச் சொன்ன ஒரே நல்ல விஷயம் அந்த மாங்காய்தான். இரண்டு தடவை படித்தேன். ஷாமினிக்கும் படித்துக் காட்டினேன். "அட, இவ்ளோதானா" என்றாள். மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் வெளியே வரும் என்றால், அம்மா உடம்பிலும் அதே கதைதானே? ஆஸ்பத்திரிக்காரர்கள் சொட்டு சொட்டாக விடுகிறார்கள். ஊசி போட்ட கையைப் பார்த்தாயா, நீலமாக இருக்கிறது. எத்தனை நாள் இப்படியே கிடப்பார்?

ஆனால் உப்பைத் தொடமாட்டாரே. அதற்கும் ஒரு வழி செய்தேன். கோயிலுக்குப் போய் பூசாரி சபாபதி அண்ணனைப் பார்த்தேன். "ஒடம்பு முடியாதவங்களுக்கு முருகன் கணக்குப் பாக்க மாட்டாரு தம்பி. வெரதத்த முடிச்சுக் குடுத்துடலாம்" என்று சாமி பாதத்தில் கொஞ்சம் உப்பை வைத்து, திருநீறோடு கட்டிக் கொடுத்தார். நேற்று மத்தியானம் அந்த உப்பை அம்மாவிடம் காட்டி, "ம்மா, முருகன் போதும்னு சொல்லிட்டாரு, வெரதம் முடிஞ்சிருச்சு" என்றேன். அழுதார். அழுதுகொண்டே வாயைத் திறந்தார்.

ஷாமினி வைத்த கஞ்சியில் கோயில் உப்பையும் போட்டு, வீட்டு உப்பும் நிறையப் போட்டுக் கலக்கினேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடல் தண்ணீர் கெட்டது. அம்மாவோ ஒரு மாதத்துக்கு மேல் உப்பைக் காணாதவர். சொட்டு விடாமல் குடித்தார். இன்றும் கொண்டு வந்தேன், இன்றும் குடித்தார். பிறகுதான் பேசினார். "புனிதா வந்தாளா? சாப்பிட்டாளா?" என்று கேட்டார். சத்தியமாக அக்கா, அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில் ஆன்டி டிஷ்யூ கொடுத்தார்.

இளம் டாக்டர் வந்து இரத்தத்தில் உப்பு நம்பர் வேகமாக ஏறியிருக்கிறது, வெளிச் சாப்பாடு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். ஏச்சு வாங்குவானேன் என்று இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏறினால் நல்லதுதானே!

நாளை ஞாயிறு. மத்தியானம் நீயும் வா. ஒன்றாக நிற்போம். பேச வேண்டாம், சும்மா நில். அம்மா பார்க்கட்டும்.

உன் தம்பி
கமலா


சனி, மாலை

தம்பி,

இனி உப்பு கொடுக்காதே. கஞ்சி, சூப், பிஸ்கட், எதுவும் கொடுக்காதே. சபாபதி அண்ணன் கொடுத்ததையும் கொடுக்காதே. டாக்டர் மெதுவாக ஏற்ற வேண்டும் என்கிறார். மெதுவாக என்றால் மெதுவாகத்தான்.

அம்மா என்னிடமும் பேசினார். தலையைத் தடவி, "எளச்சிட்டியே" என்றார்.

நாளை மத்தியானம் நான் வரவில்லை. காரணம் கேட்காதே.

புனிதா


ஞாயிறு, 1 பிப்ரவரி
தைப்பூசம்

அக்கா,

ஊரே பத்துமலையில் இருக்கிறது. வார்டில் பாதிக் கட்டில் காலி. நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. புதன்கிழமை பேச்சு குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். வியாழன் தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. வெள்ளி காலையில் கை எழவில்லை, கால் எழவில்லை, நாக்கு எழவில்லை. இப்போது மூக்கில் குழாய். கண் மட்டும் திறந்திருக்கிறது. நான் இந்தப் பக்கம் போனால் அந்தக் கண் இந்தப் பக்கம் வர முடியாமல் நிற்கிறது. நன்றாகிக்கொண்டு வந்தவர் அக்கா. கமலா என்று கூப்பிட்டவர்.

நேற்று மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அக்காகிட்ட சொல்லி வைங்க தம்பி. அவங்க உப்புக் கஞ்சி குடுத்ததாலதான் டாக்டர் அன்னைக்கு அவ்ளோ கோபப்பட்டாரு. ஏத்துன உப்ப எறக்க ராவெல்லாம் வேற ட்ரிப் போட்டோம். இனிமே வெளிச் சாப்பாடு கொண்டு வந்தா உள்ள விடமாட்டோம்" என்றார்.

நீ எப்போது கஞ்சி கொடுத்தாய்?

என் கடிதத்தைப் படித்த அன்றே டாக்டரிடம் போய், கொடுத்தது நான் என்று சொல்லியிருக்கிறாய். எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏற்றின உப்பை எதற்காக இறக்க வேண்டும்? நான் செய்தது நல்லதுதான் என்றால் உனக்கு எதற்கு என் பழி?

மாங்காய்ப் பாடத்தில் இன்னொரு பாதி இருக்கிறது என்று எழுதினாய். கேட்டால் எழுதுகிறேன் என்றாய். நான் கேட்கவில்லை, முதல் பாதியே போதும் என்று கிளம்பிவிட்டேன். இப்போது கேட்கிறேன். எழுது. பொய் சொல்லாமல் எழுது. படிக்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, படித்தாலும் வராது. இரண்டும் ஒன்றுதான்.

கமலநாதன்


செவ்வாய், 3 பிப்ரவரி

தம்பி,

பாதி எழுதி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். பொய் சொல்ல வேண்டாம் என்றாய். சரி.

செல் சும்மா வீங்கிக்கொண்டே இருக்காது. நாள் கணக்கில் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தால், மூளையின் செல் தப்பிக்க ஒரு வழி தேடும். தன்னிடம் இருக்கும் உப்பையும் மற்றச் சத்துகளையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். உள்ளேயும் நீர்த்துப்போனால் தண்ணீர் மேலும் வராது அல்லவா? அம்மாவின் மூளை ஒரு மாதமாக அந்த வேலையைச் செய்துதான் அவரை நடமாட வைத்திருந்தது. வெளியே தள்ளியதைத் திரும்பச் சேர்க்க அதற்குப் பல நாள் வேண்டும். அதற்குள் இரத்தத்தில் உப்பு திடீரென ஏறினால், வெறுங்கையோடு இருக்கும் அந்தச் செல்லிலிருந்து தண்ணீர் வேகமாக ஓடி வந்துவிடும். செல் சுருங்கும். மூளைத் தண்டில் நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை கழன்றுபோகும். மின்கம்பிக்கு மேலே இருக்கும் ரப்பர் போன மாதிரி. உடனே தெரியாது. முதலில் ஆள் தேறிவிட்ட மாதிரி இருக்கும், சில நாள் கழித்துத்தான் தெரியும். ஸ்கேனில் அதுதான் இருக்கிறது.

அந்த உப்பினாலா என்று கேட்பாய். டாக்டரிடம் நானும் கேட்டேன். மாத்திரையை நிறுத்தினாலே உடம்பு தேங்கிய தண்ணீரைத் தானாக மூத்திரத்தில் கொட்டும், அதிலேயே நம்பர் எகிறிவிடுவது உண்டு, கஞ்சி கொடுக்காத நோயாளிக்கும் இப்படி வந்திருக்கிறது என்றார். "கஞ்சியும் சேர்ந்திருக்கலாம். எதனால எவ்ளோன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார். இதில் ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை.

டாக்டரிடம் ஏன் என் பெயரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. உன்னை மத்தியானத்தில் உள்ளே விடாமல் போனால் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாரே என்று தோன்றியது. வாயில் வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் உன்னோடு வந்து நின்றால் அது உனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் வரவில்லை.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த வியாழக்கிழமை நேரம் முடியவில்லை. மிஸ்ஸி விரட்டவும் இல்லை. இன்னும் ஒரு பக்கம் எழுத நேரம் இருந்தது. உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், நீ வந்து கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நிறுத்தினேன். இரண்டு வருடத்துக் கோபத்துக்கு அது இனிப்பாக இருந்தது. வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் நான் பாதிப் பாடம் சொல்லி அனுப்பியதில்லை.

போன வாரம் படிவம் நான்குக்கு அதே பாடம் வந்தது. உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். துண்டு துவண்டதும் "டீச்சர், சுருங்கிடுச்சு!" என்று கைதட்டினார்கள். வெளியே போய் நின்றுகொண்டேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடு. இல்லாவிட்டால் ஞாயிறு மத்தியானம் நான் வருகிறேன்.

அக்கா


ஞாயிறு, 22 பிப்ரவரி

அக்கா,

இரண்டு ஞாயிறு நீ மத்தியானம் வந்து காத்திருந்தாய் என்று மிஸ்ஸி சொன்னார். கீழே கார் நிறுத்தும் இடத்தில் உன்னைப் பார்த்தேன். லிஃப்டுக்குப் போனாய். நான் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனேன். உன் போனையும் எடுக்கவில்லை. முன்பு நீ எடுக்கவில்லை, இப்போது நான். ஷாமினி ஏசுகிறாள், ஏசட்டும்.

உன் மேல் கோபம் இல்லை. நீ பாதி எழுதினாய், நான் பாதி படித்துவிட்டு ஓடினேன். கஞ்சியைக் கலக்கினது என் கை. பிரிக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். டாக்டருக்கு முடியாது. எனக்கு முடிகிறது. உன் முகத்தைப் பார்த்தால் நீ என்னைத் தேற்றுவாய். அதை என்னால் தாங்க முடியாது. பழையபடி திட்டினால்கூட வந்து நிற்பேன்.

வெள்ளிக்கிழமை தெரபிஸ்ட் வந்தார், தாமரை என்று பெயர், நல்ல பெண். அம்மாவுக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது என்றார். கண்ணை மேலே கீழே மட்டும் அசைக்க முடியும். ஆமாம் என்றால் மேலே பார்க்க வேண்டும், இல்லை என்றால் கீழே. சொல்லிக் கொடுத்தார், அம்மா உடனே பிடித்துக்கொண்டார். வலிக்கிறதா, குளிருகிறதா, டிவி வேண்டுமா, எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிறார்.

தாமரை போன பிறகு நான் கேட்டேன். "ம்மா, கஞ்சியில உப்ப அள்ளிப் போட்டது நான்தான். அதனாலயும் இப்படி ஆகியிருக்கலாமாம். ஒங்களுக்குத் தெரியுமா?" மேலே பார்த்தார். "எம் மேல கோபமா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ரொம்ப நேரம் திறக்கவில்லை. மூடினால் என்ன அர்த்தம் என்று தாமரை சொல்லிக் கொடுக்கவில்லை. தூக்கம் வந்திருக்கும் என்று ஷாமினி சொல்கிறாள்.

திறந்ததும் இன்னொன்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "அக்காவும் நானும் ஒண்ணா வந்து நிக்கணுமா?" உடனே மேலே பார்த்தார். நான் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லும் வரை கண்ணை இறக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, என்னால் முடியவில்லை அக்கா. முயற்சி செய்து பார்த்துவிட்டேன். கார் கதவைத் திறக்கக் கை வரவில்லை.

அதனால் மத்தியானம் எனக்கு இருக்கட்டும், மாலையில் நீ வா. அக்காவுக்குப் பள்ளியில் வேலை அதிகம், அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடமும் கேட்பார், கண்ணாலேயே கேட்பார், உனக்குத் தெரியும். யார்டில் எனக்கு வேலை அதிகம் என்று நீயும் சொல்லிவிடு.

கமலா